துப்பாக்கிக்கு ஈடாக மண்வெட்டி

நன்மை செய்வது எளிது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் செய்த நன்மை எவ்வளவு என்று அளந்து சொல்வது அதைவிடக் கடினமான காரியம் என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன். அணை கட்டினால் எத்தனை ஏக்கர் நிலத்துக்குத் தண்ணீர் பாய்ந்தது என்று கணக்கெடுக்கலாம். பள்ளிக்கூடம் வைத்தால் எத்தனை குழந்தைகள் எழுத்தறிந்தன என்று பார்க்கலாம். போரினால் சிதைந்துபோன ஊர்களுக்குள் ஒரு சமய ஸ்தாபனம் புகுந்து, மக்களுக்குப் பிழைப்புக்கு வழி காட்டி, அந்த வழியாகவே அவர்களுடைய பகையையும் தணிக்க முற்பட்டால், அதன் பலனை எந்த மரக்காலால் அளப்பது? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுதான். இதற்கு உதாரணமாக, இந்தியப் பெருங்கடலின் மறு கரையிலுள்ள மொசாம்பிக் நாட்டில் 1995ஆம் ஆண்டில் கிறிஸ்தவ சபைகள் ஒன்றுகூடித் தொடங்கிய ஒரு திட்டத்தை எடுத்துக்கொள்கிறேன்.

அந்த நாடு நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. வாஸ்கோ ட காமா 1498இல் கள்ளிக்கோட்டைக்கு வந்து சேருவதற்கு முன் நங்கூரமிட்ட கடற்கரை அது. குஜராத்தி வணிகர்கள் பல தலைமுறைகளாக அங்கே கடை வைத்திருந்தார்கள். 1961 டிசம்பரில் கோவா இந்தியாவுடன் இணைந்தபோது, போர்ச்சுகீசிய ஆட்சியினர் மொசாம்பிக்கிலிருந்த இந்தியக் குடிகளைப் பிடித்து முகாம்களில் அடைத்து, பின்னர் நாட்டை விட்டே வெளியேற்றினர். எங்கோ நடந்த ஒரு காரியத்துக்காக, பிழைக்கப் போன இடத்தில் தண்டனை பெற்றவர்கள் அவர்கள். சொந்த மாநிலத்தை விட்டு வந்து வாழும் நேயர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

மொசாம்பிக் 1975 ஜூன் 25இல் சுதந்திரம் பெற்றது. இரண்டு ஆண்டுகள் கழியுமுன்பே உள்நாட்டுப் போர் மூண்டது. ஆட்சியிலிருந்த கட்சி பிரெலிமோ. அதனை எதிர்த்துக் கிளம்பிய படை ரெனாமோ. ரெனாமோவை முதலில் ரொடீஷியாவின் வெள்ளையர் ஆட்சி வளர்த்தது. அந்த ஆட்சி மறைந்த பிறகு, நிறவெறி கொண்டிருந்த தென்னாப்பிரிக்க அரசு அதனைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. பதினைந்து ஆண்டுகள் நீடித்த அந்தப் போரிலும், அதனால் விளைந்த பஞ்சத்திலும் பத்து லட்சம் பேர் வரை மாண்டிருப்பார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பு. ஏறத்தாழ 17 லட்சம் பேர் அண்டை நாடுகளுக்கு அகதிகளாக ஓடினர். சிறு பையன்களைப் பிடித்துச் சென்று, அவர்கள் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, சொந்த ஊரையே கொளுத்தச் செய்த கொடுமையும் நடந்தது. பிற்பாடு சமாதானம் செய்ய வந்தவர்களுக்கு இதுதான் பெரிய சிக்கலாயிற்று. போர் முடிந்து ஊர் திரும்பியவனும், அவனால் வீட்டை இழந்தவனும் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைக்க வேண்டியிருந்தது.

இருதரப்பாரையும் பேசவைத்ததில் திருச்சபைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 1989இல் கென்யாவின் நைரோபி நகரில் சபைத் தலைவர்கள் ரெனாமோவினரைச் சந்தித்துப் பேசினர். பிறகு ரோமாபுரியில், சான் எஜிதியோ என்னும் கத்தோலிக்க சமூகத்தாரின் இல்லத்தில், 1990 ஜூலை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பேச்சுவார்த்தை நடந்தது. பெய்ரா நகரின் ஆர்ச்பிஷப் ஜெய்மே கொன்சால்வெஸ் மத்தியஸ்தர்களுள் ஒருவர். 1992 அக்டோபர் 4ஆம் நாள் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதே மாதத்தில் பொதுமன்னிப்புச் சட்டமும் வந்தது. யார் யாரைக் கொன்றார் என்ற விசாரணை கிடையாது, உண்மையறியும் கமிஷன் கிடையாது. மறப்போம் என்பதே அரசாங்கத்தின் கொள்கையாயிற்று. அது சரியா தவறா என்று இன்றும் அறிஞர்கள் வாதிடுகின்றனர்.

ஐக்கிய நாடுகள் சபையின் படைகள் வந்தன. இந்திய ராணுவத்தின் பொறியாளர்களும் அவற்றில் இருந்தார்கள். ஏறத்தாழ 90,000 போர்வீரர்கள் படையிலிருந்து விடுவிக்கப்பட்டு, இரண்டு ஆண்டுகளுக்கு உதவித்தொகை பெற்றார்கள். ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்டன. ஆனால் அவற்றில் அழிக்கப்பட்டவை சிறு பகுதியே. இவை தவிர, ஒப்படைக்கப்படாமல் காட்டில் புதைத்தும், கூரையில் செருகியும், மரப்பொந்துகளில் ஒளித்தும் வைக்கப்பட்ட துப்பாக்கிகள் எத்தனையோ! சில லட்சங்களிலிருந்து பல பத்து லட்சங்கள் வரை வெவ்வேறு மதிப்புகள் சொல்லப்பட்டன. மதிப்புகள் இவ்வளவு தூரம் மாறுபட்டதிலிருந்தே ஒருவருக்கும் உண்மை தெரியாது என்பது விளங்கும். அத்துப்பாக்கிகள் எல்லை தாண்டித் தென்னாப்பிரிக்கக் கொள்ளைக் கூட்டங்களுக்கு விலைபோயின. 1995 முதல் இரு நாட்டுப் போலீஸாரும் சேர்ந்து ஆயுதப் புதையல்களைத் தேடி அழிக்கத் தொடங்கியது அதனால்தான்.

அதே 1995இல், மொசாம்பிக் கிறிஸ்தவ கவுன்சில் வேறொரு வழியில் முயன்றது. இதன் பின்னால் நின்றவர் லெபோம்போ மறைமாவட்டத்தின் ஆங்கிலிக்கன் பிஷப் தினிஸ் செங்குலானே. திட்டத்தின் பெயர் போர்ச்சுகீசிய மொழியில் ‘ஆயுதங்களை மண்வெட்டிகளாக மாற்றுதல்’ என்று பொருள்படும். ஆங்கிலத்தில் பேசுவோர் இதைக் கலப்பைக் கொழு என்று சொல்வது வழக்கம். ஏசாயா தீர்க்கதரிசியின் வாக்கில் வரும் சொல்லை அவர்கள் அப்படித்தான் மொழிபெயர்த்திருக்கிறார்கள். பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பிலோ அந்த இடத்தில் மண்வெட்டி என்ற சொல்தான் இருக்கிறது. மொசாம்பிக்கின் குடியானவனுக்கும் அதுவே பொருத்தம். அந்நாட்டின் பல பகுதிகளில் ட்செட்சே ஈயினால் மாடு நிலைப்பதில்லை. பெரும்பாலோர் மண்வெட்டியால் கொத்தித்தான் சோளமும் மரவள்ளியும் பயிரிடுகிறார்கள். அந்நாட்டுக் கொடியிலேயே, விரித்த புத்தகத்தின் மேல் ஒரு மண்வெட்டியும் ஒரு ஏகே-47 துப்பாக்கியும் குறுக்காக வைக்கப்பட்டிருக்கின்றன.

திட்டம் நடந்த முறை எளிமையானது. ஆயுதம் கொண்டுவருபவனுக்கு அதற்கீடாக ஒரு கருவி அல்லது பண்டம்: மண்வெட்டி, சைக்கிள், தையல் இயந்திரம், கூரை போடத் தகரம், கட்டட வேலைக்கான சாமான்கள். பணம் கிடையாது. பணம் கொடுத்தால் துப்பாக்கிக்குச் சந்தை விலை ஏறிவிடும், ஒன்றை விற்று இன்னொன்று வாங்கலாம் என்ற எண்ணமும் வரும் என்று கருதினர். கொண்டுவருபவனின் பெயரைக் கேட்பதில்லை. ஆயுதம் எங்கிருந்து வந்தது, அதைக் கொண்டு என்ன செய்தாய் என்றும் விசாரிப்பதில்லை. வெடிக்கக்கூடியவற்றை ஆங்காங்கே வெடித்து அழித்துவிடுவார்கள். துப்பாக்கிகளைத் துண்டு துண்டாக அறுத்துவிடுவார்கள். படுக்கையறையில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு தூங்குவது பாம்போடு படுப்பதற்குச் சமம், என்றேனும் ஒரு நாள் அது வைத்தவனையே கடிக்கும் என்ற கருத்தை பிஷப் செங்குலானே ஊர் ஊராகச் சொல்லி வந்தார். ஓர் ஊரார் கூடி 500 ஆயுதங்களைக் கொடுத்து ஒரு டிராக்டர் பெற்றுக்கொண்டார்கள் என்பது இத்திட்டத்தைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் செய்தி.

கேட்பதற்கு நெஞ்சம் குளிரும் செய்திதான். பணம் தந்த வெளிநாட்டுத் திருச்சபைகளும் சர்க்கார்களும் கேட்ட கேள்வி வேறு: எவ்வளவு சேர்ந்தது? ஆறு லட்சத்துக்கு மேல் என்ற எண் பரவலாகச் சொல்லப்படுகிறது. இத்தகைய எண்களைக் கேட்கும்போது சற்றே நிதானிக்க வேண்டும். இத்திட்டத்தின் கணக்குகளில் துப்பாக்கிகளோடு தோட்டாக்களும் பிற வெடிபொருள்களும் சேர்ந்தே எண்ணப்பட்டன. ஒரு தோட்டாவும் ஒன்று, ஒரு துப்பாக்கியும் ஒன்று என்றால், கூட்டிவரும் தொகைக்கு என்ன அர்த்தம்? துருப்பிடித்துச் சுடமுடியாமல் போன துப்பாக்கியை ஒருவன் கொடுத்துச் சைக்கிள் வாங்கிக்கொண்டு, நல்ல துப்பாக்கியைப் புதைத்த இடத்திலேயே விட்டிருக்கலாம். மொத்தம் எவ்வளவு இருந்தது என்றே தெரியாதபோது, எடுத்தது எத்தனை பங்கு என்று சொல்ல வழியும் இல்லை. கடலிலிருந்து நூறு குடம் மொண்டோம் என்று எழுதுவது போலத்தான். குடங்களின் எண்ணிக்கையில் பொய்யில்லை. கடல் எவ்வளவு குறைந்தது என்பது அதிலிருந்து தெரியாது.

எண்ணுவதைப் பற்றி இவ்வளவு கடுமையாகப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். நானே அப்படி எண்ணி ஏமாந்தவன் என்பதுதான் தகுதி. சில ஆண்டுகளுக்கு முன், வட மாநிலம் ஒன்றில், வகுப்புக் கலவரம் நடந்து ஓய்ந்த சில ஊர்களில் ஒரு தர்ம ஸ்தாபனம் இரண்டு வகுப்புப் பெண்களுக்கும் ஒரே கூடத்தில் தையல் கற்பித்து, தேறியவர்களுக்குத் தையல் இயந்திரங்கள் வழங்கியது. அந்தப் பணியை மதிப்பிட்டு அறிக்கை தருவதற்காக என்னை அனுப்பியிருந்தார்கள். மூன்று நாள் வீடு வீடாகப் போனேன். கொடுத்த இயந்திரங்கள் ஒன்றுகூடக் குறையாமல் இருந்தன. எல்லாம் எண்ணெயிட்டுத் துடைத்து வைக்கப்பட்டிருந்தன. பெண்கள் தைத்த ரவிக்கைகளையும் தலையணை உறைகளையும் எடுத்துக் காட்டினார்கள். திட்டம் பெரும் வெற்றி என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

எனக்கு மொழிபெயர்த்து உதவியவர் மாயவரத்துக்காரர். ரயில்வேயில் உத்தியோகமாகி இருபது வருஷத்துக்கு மேலாக அந்த ஊரிலேயே குடியிருப்பவர். ரயிலேற்றிவிட வந்தபோது அவர் தயக்கத்துடன் சொன்னார்: “சார், நீங்கள் மெஷினைத்தான் எண்ணினீர்கள். எந்தத் தெருத் துணி எந்தத் தெருவுக்குத் தைக்கப் போகிறது என்று யாரையும் கேட்கவில்லையே. என் வீட்டு அம்மாள் இரண்டு தெருவிலும் ரவிக்கை தைக்கக் கொடுப்பாள். நாங்கள் வெளியூர்க்காரர்கள், எங்களை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இந்தத் தெருப் பெண்ணொருத்தி அந்தத் தெருவில் துணி கொடுத்து நான் பார்த்ததில்லை.”

வண்டி புறப்பட்டுவிட்டது. அடுத்த ஆண்டு, என் சொந்தச் செலவில் மறுபடியும் போனேன். இயந்திரங்கள் இருந்தன. அவற்றில் பாதிக்கு மேல் மேலே விரிப்புப் போட்டு, படமும் கண்ணாடியும் வைக்கும் மேஜைகளாக மாறியிருந்தன. ஒரு தெருவில் ஐந்து தையற்காரிகள் இருந்தால், அந்தத் தெருவின் துணி ஐவருக்கும் போதாது. ஊர் முழுவதும் ஒன்றாக இருந்திருந்தால் போதியிருக்கும். பகை நீங்காததால் பிழைப்பு நடக்கவில்லை. பிழைப்பு நடக்காததால் ஒருவர் வாசலை மற்றவர் மிதிக்கக் காரணமும் இல்லை. இதை எழுதி, முதல் அறிக்கையைத் திருத்தும்படி அனுப்பினேன். பதில் வரவில்லை. முதல் அறிக்கையின் வாசகங்களே பிறகும் அச்சில் வந்துகொண்டிருந்தன.

மொசாம்பிக் திட்டத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்த ரயில்வே நண்பரின் கேள்வி எனக்கு ஞாபகம் வருகிறது. தையல் இயந்திரம் பிழைப்பல்ல, பிழைப்புக்கு உதவும் ஒரு சாமான் மட்டுமே. அதற்குத் துணி வேண்டும், நூல் வேண்டும், ஊசி ஒடிந்தால் மாற்று வேண்டும், தைத்ததை வாங்கக் கையில் காசுள்ளவன் வேண்டும். சைக்கிள் இவற்றைவிட மேலானது என்பது என் எண்ணம். விளைந்த மரவள்ளியையும் கரியையும் சந்தைக்கு ஏற்றிப் போகலாம், பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவிடலாம், நோயாளியை வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லலாம். ஜப்பானின் மட்சுயாமா நகரில் உரிமையாளரின்றிக் கிடந்த சைக்கிள்களை அந்நகரத்தார் சேர்த்துக் கப்பலேற்றி இத்திட்டத்துக்கு அனுப்பியதும் உண்டு. தகரக் கூரையைப் பற்றி ஐயமே இல்லை. மழை நனைக்காத வீடு எவனுக்கும் வேண்டும். டிராக்டர் விஷயம்தான் எனக்குக் கவலை தருகிறது. டீசலுக்கு யார் பணம் போடுவது, யார் நிலத்தை முதலில் உழுவது, உதிரிப்பாகம் ஒடிந்தால் எங்கே போவது? நம் நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களின் கொட்டகைகளில் துருவேறி நிற்கும் டிராக்டர்களைப் பார்த்தவர்கள் நான் சொல்வதைப் புரிந்துகொள்வார்கள். 500 ஆயுதங்கள் போனது லாபம்தான். ஆனால் டிராக்டர் வந்த நாளில் எடுத்த படத்தோடு பத்து ஆண்டு கழித்து எடுத்த படமும் வேண்டும்.

திட்டத்தில் இன்னொரு குறையும் இருந்தது. ஈடு கொடுக்கச் சாமான் கையிருப்பில் இல்லாத வேளைகள் நேர்ந்தன. எல்லாம் வெளிநாட்டு நன்கொடையை நம்பி நின்றதால் கப்பல் தாமதித்தால் வாக்கும் தாமதித்தது. ஆயுதத்தைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு காத்திருப்பவனின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். முப்பது வருஷமாக ஒருவர் சொல்லை ஒருவர் நம்பாத நாட்டில், நம்பிக் கொடுத்தவன் அவன். அவனுக்கு மண்வெட்டி ஒரு மாதம் தாமதமாக வந்தால், அது சாமான் பட்டியலில் ஒரு சிறு குறிப்பு. ஊருக்குள் அது பெரிய சேதி. சமாதானப் பணியில் கிடங்குக் கணக்கன் சபைத் தலைவரைவிட முக்கியமானவன் என்று சில சமயம் எனக்குத் தோன்றுவதுண்டு.

மதிப்பீட்டுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய தடை, இத்திட்டத்தின் மிக உயர்ந்த குணத்திலேயே இருந்தது. பெயர் கேட்பதில்லை என்ற விதியைத்தான் சொல்கிறேன். நம் நாட்டில் 1960 மே மாதத்தில் சம்பல் பள்ளத்தாக்கின் கொள்ளைக்காரர் இருபது பேர் வினோபா பாவேயின் முன்னிலையில் சரணடைந்தார்கள். 1972இல் ஜெயப்பிரகாஷ் நாராயணின் முயற்சியால் நூற்றுக்கணக்கானோர் ஆயுதத்தை வைத்தார்கள். அவர்கள் பெயரும் ஊரும் குற்றமும் உலகறிந்தவை. பின்னர் எப்படி வாழ்ந்தார்கள் என்று பத்திரிகைக்காரர்கள் தேடிப்போய் எழுத முடிந்தது. மொசாம்பிக்கில் அது இயலாது. இரவில் வந்து, சாக்கில் கட்டியதை வைத்துவிட்டு, காலையில் சைக்கிளை ஓட்டிக்கொண்டு போனவனை எங்கே தேடுவது? பெயரைக் கேட்டிருந்தால் அவன் வந்திருக்கவே மாட்டான். பெயர் இல்லாததால், அவன் வாழ்க்கை மாறியதா என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பணம் தருபவர்கள் ஒவ்வொரு பயனாளியின் விவரமும் படிவத்தில் வேண்டும் என்று கேட்கிற இக்காலத்தில், இதை நன்றாக யோசித்துப் பார்க்க வேண்டும். சில நன்மைகளை எழுதிவைத்தால் அவை கெட்டுப்போகும். அதற்காக அளவே வேண்டாம் என்பது என் கட்சியல்ல. ஆளைத் தேடாமல் ஊரைப் பார்க்கலாம். ஆயுதம் சேர்ந்த ஊரில் இரவுத் திருட்டு குறைந்ததா, பெண்கள் விறகுக்குக் காட்டுக்குப் போகிறார்களா, சந்தை இருட்டும் வரை நடக்கிறதா என்றெல்லாம் விசாரித்தால், ஒருவன் பெயரும் வெளிவராமல் பல உண்மைகள் வெளிவரும்.

வேறொரு விஷயம். ஊர்களில் சமாதானம் திரும்பியதற்குத் திருச்சபை மட்டும் காரணமல்ல. போரிலிருந்து திரும்பிய பையன்களை ஊர் வைத்தியர்கள் தங்கள் முறைப்படி சடங்கு செய்து, போரின் தீட்டைக் கழித்துக் குடும்பத்தில் சேர்த்தார்கள். கொல்லப்பட்டவர்களின் ஆவி கொன்றவன் வீட்டாரைப் பிடிக்கும் என்ற நம்பிக்கை கொரொங்கோசா பக்கத்தில் வலுத்தது. அந்த ஆவியைப் பேசவைத்துச் சாந்தப்படுத்தும் சடங்கிலேயே, எந்த நீதிமன்றத்திலும் சொல்லப்படாத குற்றங்கள் வாய்விட்டுச் சொல்லப்பட்டன. அந்நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இவற்றை விரிவாக எழுதியிருக்கிறார்கள். சபைகள் பலவற்றுக்கு இச்சடங்குகளில் உடன்பாடு இல்லை. ஆனால் மதிப்பிடப் போகிறவன் அவற்றைக் கணக்கில் எடுக்காமல் விட்டால், வைத்தியரும் முதியவளும் கட்டிய சுவருக்குச் சபையின் பெயரை எழுதியவனாவான். அகதிகள் திரும்பியது, நல்ல மழை பெய்தது, நிலக்கண்ணிகள் அகற்றப்பட்டது முதலியவற்றையும் அப்படியே சேர்த்துக்கொள்ள வேண்டும். கண்ணிவெடிகள் முற்றிலும் அகற்றப்பட்டதாக 2015இல்தான் அந்நாடு அறிவிக்க முடிந்தது. அதுவரை சில வயல்களில் மண்வெட்டியை ஓங்குவதே ஆபத்தாக இருந்தது.

இத்திட்டத்தை உலகம் அறிந்தது சிற்பங்களால். அறுத்துப்போட்ட துப்பாக்கித் துண்டுகளை மப்புட்டோ நகரத்துக் கலைஞர்கள் எடுத்து ஒட்டவைத்துப் பறவைகளும் மனித உருவங்களும் நாற்காலிகளும் செய்தார்கள். கெஸ்டர் என்று அழைக்கப்படும் கிரிஸ்தோவாவோ கன்யாவாட்டோ 2001இல் செய்த ஆயுத சிம்மாசனம் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. நான்கு கலைஞர்கள் சேர்ந்து செய்த ‘ஜீவ விருட்சம்’ என்ற மரமும் 2005இல் அங்கே வைக்கப்பட்டது. அந்தச் சிம்மாசனத்திலுள்ள துப்பாக்கிகள் எல்லாம் வெளிநாடுகளில் செய்யப்பட்டவை, மொசாம்பிக்கில் செய்தது ஒன்றுகூட இல்லை. அந்தக் கலையில் எனக்கு மதிப்பு உண்டு. ஆயினும் அழகான பொருள் ஒன்று கண்ணெதிரே இருந்தால், அதைப் பார்த்தே திட்டம் வென்றது என்று முடிவு கட்டிவிடுவது மனித இயல்பு. சிம்மாசனம் இங்கிலாந்தில் பல ஊர்களைச் சுற்றிவந்தது. அதற்குத் துப்பாக்கி கொடுத்தவன் தன் சோளக்கொல்லையில் என்ன விளைத்தான் என்று அதைப் பார்த்தவர்களுக்குத் தெரிய வழியில்லை.

பிறகு நடந்ததையும் மறைக்கக் கூடாது. 2013இல் ரெனாமோவுக்கும் அரசாங்கத்துக்கும் மீண்டும் சண்டை மூண்டது. 2014இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டு முறிந்தது. 2019 ஆகஸ்டில் மற்றோர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. வடகோடியிலுள்ள காபோ தெல்காதோ மாகாணத்தில் 2017 அக்டோபரில் முற்றிலும் வேறொரு கிளர்ச்சி தொடங்கி லட்சக்கணக்கானோரை ஊரை விட்டு ஓட்டியது. 2024 தேர்தலுக்குப் பின்னும் தெருக்களில் ரத்தம் சிந்தியது. இவற்றைக் காட்டி, ‘மண்வெட்டி கொடுத்து என்ன பயன்?’ என்று கேட்பவர்கள் உண்டு. 2012 வரை பெரிய போர் இல்லாமலிருந்ததற்கு அத்திட்டமே காரணம் என்று சொல்வது எவ்வளவு தவறோ, அவ்வளவு தவறு இதுவும். தலைநகரில் பதவியைப் பங்கிடுவதில் எழும் சண்டையை ஒரு கிராமத்துத் தையல் இயந்திரம் தடுத்து நிறுத்தாது. காபோ தெல்காதோவில் முஸ்லிம்கள் பெரும்பான்மையினர். அங்கே ஒரு கிறிஸ்தவ கவுன்சிலின் கை எவ்வளவு தூரம் எட்டும், எந்த வழியில் எட்டும் என்பது தனியே ஆராயத்தக்கது.

என் சொந்த அபிப்பிராயத்தைக் கேட்டால், ஆயுதத்தை அழிக்கும் திட்டம் என்ற வகையில் இதற்கு நல்ல மதிப்பெண் கொடுப்பேன். சர்க்கார் வாங்கிய ஆயுதங்களில் பல மறுபடியும் படைக்கொட்டடிக்கே போயின. சபை வாங்கியவை அறுபட்டன. அதை ஊரார் கண்ணால் பார்த்தார்கள். போலீஸிடம் வர அஞ்சியவர்கள் சபையிடம் வந்தார்கள். போருக்கு முன்பும், போரின்போதும், போருக்குப் பின்பும் ஓடிப்போகாமல் ஊரில் இருந்த ஸ்தாபனம் சபை என்பதே அதற்குக் காரணம். எத்தனை கோடி கொடுத்தாலும் வெளியிலிருந்து வரும் ஸ்தாபனத்துக்கு அந்தப் பலம் வாய்க்காது. பிழைப்புத் திட்டம் என்ற வகையில் நடுத்தரத்துக்கும் கீழே. ஒருமுறை ஒரு சாமானைக் கொடுத்து விலகியதோடு வேலை முடிந்ததாக எண்ணியது பிசகு. அந்தச் சாமானோடு இரண்டு மூன்று ஆண்டுகள் கூடவே நடந்திருக்க வேண்டும். சமாதானத் திட்டம் என்ற வகையில் மதிப்பெண் போட எனக்குத் துணிவில்லை. எந்தத் தெருத் துணி எந்தத் தெருவுக்குத் தைக்கப் போயிற்று என்று அங்கே போய் எவரேனும் விசாரித்திருந்தால், அதை வைத்துச் சொல்லலாம்.

2019 உடன்படிக்கையின்படி ரெனாமோவின் கடைசிப் போர்வீரர்கள் 5,200 பேருக்கு மேல் ஆயுதத்தை வைத்தார்கள். கொரொங்கோசா மலைப்பக்கத்திலிருந்த அவர்களுடைய கடைசி முகாம் 2023 ஜூனில் மூடப்பட்டது. அவர்களிற் பலர் கிழவர்கள். வாலிபத்தில் துப்பாக்கியை எடுத்து நரைத்த தலையோடு கீழே வைத்தவர்கள். இம்முறை அவர்களுக்கு மாதந்தோறும் ஓய்வூதியம் கொடுக்க அரசாங்கம் இசைந்தது. சாமானைக் கொடுத்து அனுப்பிவிட்டால் போதாது என்ற அளவுக்கு அனுபவம் கற்றுக்கொடுத்திருக்கிறது. அந்தத் தொகை மாதாமாதம் ஒழுங்காக வருகிறதா, வந்தவன் அதைக்கொண்டு ஊர்க்கடையில் என்ன வாங்குகிறான், அந்தக் கடைக்காரன் முன்பு எந்தப் பக்கத்தில் இருந்தவன் என்பதை அடுத்து அங்கே போகிறவர் பார்த்து எழுத வேண்டும்.